சமூகக் கலைக்கூடம்: பொதுவெளியும் தனிவெளியும்

சமூகக் கலைக்கூடம் என்பது ஓர் ஊர் மக்கள் கலைகளைக் கற்கவும், பழகவும், அரங்கேற்றவும், பார்க்கவும் பொதுவில் பயன்படுத்தும் கட்டடம் ஆகும். நாடக அரங்கம், இசை மன்றம், ஓவியக் காட்சிக்கூடம் ஆகியவற்றிலிருந்து இது ஒரு வகையில் வேறுபடுகிறது. அவற்றில் முடிந்த கலை காட்டப்படுகிறது. இதில் கலை முடியாத நிலையிலும் இருக்கிறது: தப்பும் தவறுமாக அடிக்கப்படும் பறை, பாதியில் நிற்கும் பாட்டு, காலில் சலங்கை கட்டியும் ஆட வராமல் நிற்கும் பிள்ளை. முடிந்ததைக் காட்டப் பொதுவெளி வேண்டும்; முடியாததைப் பழகத் தனிவெளி வேண்டும். இரண்டையும் ஒரே மனையில், ஒன்றை ஒன்று கெடுக்காமல் அமைப்பதே இக்கட்டட வடிவமைப்பின் முதன்மையான சிக்கல்.

திருப்பூர் பின்னலாடை வட்டாரத்திலுள்ள பெருமாநல்லூரைக் களமாகக் கொண்டு, அங்கு அரை ஏக்கரில் இப்படி ஒரு கட்டடம் எழுப்பினால் என்னென்ன கேள்விகள் எழும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கட்டடம் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்படுவது. ஊரும், அதன் வேலை நேரமும், வெயிலும், விதிமுறைகளும் உண்மையானவை.

ஊரும் கலைகளும்

பெருமாநல்லூர் திருப்பூருக்கு வடக்கே, சேலம் – கோவை தேசிய நெடுஞ்சாலையும் திருப்பூர் – கோபிசெட்டிபாளையம் சாலையும் சந்திக்கும் இடத்தில் உள்ளது. பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் கூடும். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இறந்த விவசாயிகளின் நினைவை இவ்வூர் இன்றும் போற்றுகிறது. அருகே ஈட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா உள்ளது. விவசாய ஊராக இருந்து பனியன் கம்பெனிகளின் ஊராக மாறிக்கொண்டே வந்த இடம் இது.

கொங்கு நாட்டின் வள்ளி கும்மி, ஒயிலாட்டம், பெருஞ்சலங்கை ஆட்டம், ஜமாப், உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதை ஆகியவை இவ்வட்டாரத்தில் இன்றும் வழக்கில் உள்ளன. வள்ளி கும்மி அண்மைக் காலத்தில் பெரும் மறுமலர்ச்சி பெற்றுள்ளது. இக்கலையை நெடுங்காலம் கற்பித்து, பெண்களையும் அதில் ஆட வைத்த காரமடைப் பகுதிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கும்மிக் குழுக்கள் பெரும்பாலும் கோயில் திடல், பள்ளி மைதானம், அறுவடை முடிந்த காடு ஆகிய இடங்களில் மாதக்கணக்கில் பழகிவிட்டு அரங்கேற்றம் செய்கின்றன. ஆடுவதற்கு அங்கு இடம் இருக்கிறது. உடை மாற்ற மறைவு, கழிப்பறை, மழைக்கு ஒதுங்க ஒரு கூரை ஆகியவை பல நேரம் இருப்பதில்லை. ஆண்களைவிடப் பெண்களும் சிறுமிகளும் மிகுதியாக வந்து சேர்ந்துவிட்ட ஒரு கலைக்கு இது சிறிய குறை அன்று.

இன்னொரு பக்கம், பின்னலாடைத் தொழிலுக்காகத் தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் லைன் வீடுகளில், ஓர் அறையில் மூவர் நால்வராகத் தங்குகின்றனர். சுவருக்கு அந்தப் பக்கம் இரவு ஷிப்ட் முடித்தவர் உறங்குவார். அங்கே ஒருவர் தோலக் தட்டவோ, ஒரு பெண் குரலெடுத்துப் பாடவோ முடியாது. கலைக்கூடத்தில் ‘தனிவெளி’ என்றதும் பெரிய கலைஞருக்கான வசதி அறை என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். இவ்வட்டாரத்தில் தனிவெளி தேவைப்படுபவர் வீட்டில் தனக்கென நான்கு சுவர் இல்லாத தொழிலாளியே.

தொட்டிக்கட்டு வீடு கற்றுத்தருவது

பொதுவெளிக்கும் தனிவெளிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர் எழுப்பி, ‘இந்தப் பக்கம் பொது, அந்தப் பக்கம் தனி’ என்று பிரிப்பது எளிது. ஆனால் அது சரியாக வேலை செய்வதில்லை. மரபு வீடுகள் இதைப் படிப்படியாகச் செய்தன. கொங்குப் பகுதித் தொட்டிக்கட்டு வீட்டில் முதலில் தெருவை ஒட்டிய வாசல், அடுத்து திண்ணை, பிறகு ஆசாரம், நடுவே வானம் பார்த்த தொட்டி, அதைச் சுற்றி அறைகள், கடைசியில் பொடக்காளி. வழிப்போக்கர் திண்ணைவரை வருவார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. தெரிந்தவர் ஆசாரத்தில் உட்காருவார். உறவினர் தொட்டிவரை வருவார். உள் அறை வீட்டாருக்கு மட்டும். எங்கும் ‘அனுமதி இல்லை’ என்று எழுதி ஒட்டுவதில்லை. வெளிச்சம் குறைவதும், தளம் ஒரு படி உயர்வதும், நிலைப்படி குனிய வைப்பதும் ஆளை அந்தந்த இடத்தில் நிறுத்திவிடும்.

இந்த ஒழுங்கில் மறைக்கக்கூடாத ஒரு குறையும் உண்டு. யார் எந்தப் படிவரை வரலாம் என்பதைச் சாதியும் தீர்மானித்தது. சிலருக்குத் திண்ணையும் கிடைத்ததில்லை. கலைகளும் அப்படியே சாதி சார்ந்து பயிலப்பட்டன. பறை ஒரு தெருவோடும், கும்மி இன்னொரு தெருவோடும் பிணைக்கப்பட்டிருந்தன. கோயில் திடல் எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருந்ததும் இல்லை. ஆகவே மரபு வீட்டின் படிநிலையை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படிகளில் யாரை நிறுத்தினார்கள் என்பதை எடுத்துக்கொள்ளக்கூடாது. கலைக்கூடத்தில் ஒருவரை உள்ளே விடுவதும் விடாததும் அவர் அந்நேரம் செய்யும் வேலையைப் பொறுத்ததாக இருக்க வேண்டும். ஒப்பனை அறைக்குள் ஆடுபவர் போகலாம். நாளை பார்வையாளராக வரும்போது அவரே வெளியில் நிற்பார்.

மனை தேர்விலேயே இது தொடங்குகிறது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தொலைவில், இரண்டு சாலைகளைத் தொட்டு அமையும் மனையே சிறந்தது. வாசல் ஒரே தெருவைப் பார்த்தால் கட்டடம் காலப்போக்கில் அந்தத் தெருவுக்குரியதாகிவிடும். கோயிலை ஒட்டி இலவசமாக நிலம் கிடைக்கிறது என்பது கவர்ச்சியான வாய்ப்பு. அந்த நிலத்தில் யார் தயங்காமல் கால் வைப்பார்கள் என்று கேட்ட பிறகே அதை ஏற்க வேண்டும்.

மேடையின் அளவு

தமிழில் மேடை அளவைத் துல்லியமாகச் சொல்லும் பழைய நூல் சிலப்பதிகாரம். அதன் அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்கின் அமைப்பைக் கூறுகிறது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல், மேடைத் தளத்துக்கும் மேலே உள்ள பலகைக்கும் இடைவெளி 4 கோல், உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில்கள், மூன்று வகைத் திரைகள். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஒரு கோல் என்பது 24 விரல். பெருவிரல் அகலத்தை ஓர் அங்குலம் என்று கொண்டால் கோல் 2 அடி; மேடை 14 அடிக்கு 16 அடி, உயரம் 2 அடி, தலைக்கு மேல் 8 அடி. ஒருத்தி ஆடுவதற்கு அளவெடுத்துச் செய்த மேடை அது. நிழல் விழாத விளக்கைப் பற்றி அன்றே கவலைப்பட்டிருக்கிறார்கள். இன்றைய பல சமுதாயக் கூடங்களில் மேடைக்கு நேர்மேலே ஒற்றைக் குழல்விளக்கு தொங்க, ஆடுபவரின் கண் இருளில் கிடக்கிறது.

வடமொழி நாட்டிய சாஸ்திரம் அரங்கத்தை நீள்சதுரம், சதுரம், முக்கோணம் என மூன்றாகப் பிரித்து, நடுத்தர அளவிலான நீள்சதுர அரங்கைப் பரிந்துரைக்கிறது. அது 64 முழம் நீளம், 32 முழம் அகலம். அதில் சரிபாதி பார்வையாளருக்கு. மறுபாதி மேடைக்கும் அதற்குப் பின்னுள்ள ஒப்பனை இடத்துக்கும். இன்னும் பெரிதாகக் கட்டினால் குரல் தெளிவிழக்கும், முகபாவம் தெரியாது என்பது அது தரும் காரணம். ஒரு முழம் ஒன்றரை அடி என்றால், கடைசி வரிசையில் இருப்பவர் மேடை விளிம்பிலிருந்து சுமார் 48 அடியில், அதாவது 15 மீட்டருக்குள் இருக்கிறார். ஒலிபெருக்கி இல்லாமல் பேச்சும் பாட்டும் சென்று சேர இன்றும் இது நல்ல அளவு.

இந்தப் பகிர்வில் கவனிக்க வேண்டியது, கட்டடத்தின் பாதி கலைஞருக்கு ஒதுக்கப்பட்டது என்பதே. பணம் குறைந்தால் இன்று முதலில் வெட்டப்படுவது மேடையின் பின்புறம்தான். நூறு பேர் ஆடும் நிகழ்ச்சிக்கு மேடையோரம் ஓர் எட்டடி அறை, அதிலும் பாதி நாற்காலி அடுக்கி வைத்திருக்கும்.

கேரளக் கோயில்களின் கூத்தம்பலம் இந்த மரபில் வந்த கட்டட வகை. சென்னை கலாக்ஷேத்ராவின் பெரிய அரங்கம் அதை முன்மாதிரியாகக் கொண்டது. கூத்தம்பலங்களை ஆராய்ந்த பொறியாளர் அப்புக்குட்டன் நாயர் அதன் வடிவமைப்பில் பங்கேற்றார். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய அந்நிறுவனத்தில் பொதுமக்கள் பெரும்பாலும் அறிவது இந்த அரங்கத்தைத்தான். ஆனால் அங்கு அன்றாடம் நடப்பது மரங்களுக்கு நடுவே பரவிக் கிடக்கும் சிறு சிறு வகுப்புக் குடில்களில். ஒரு குடிலின் தட்டுக்கழி ஓசை அடுத்ததைக் குலைக்காத அளவுக்கு இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். நிலம் இருந்தால் தூரமே மிக மலிவான ஒலித்தடுப்பு. அரை ஏக்கரில் அந்த வசதி கிடையாது.

சோழமண்டலம்: வீடும் காட்சிக்கூடமும்

பொதுவெளியையும் தனிவெளியையும் சேர்த்து நடத்திக் காட்டியவற்றுள் தமிழ்நாட்டில் பலரும் அறிந்தது சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலக் கலைஞர் கிராமம். சென்னை அரசு கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் அவருடைய மாணவர்களும் பிற ஓவியர், சிற்பிகளும் 1966இல் இதை நிறுவினர். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் கடலோரம் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். கலைஞர்கள் தத்தம் மனையில் வீடும் பட்டறையும் கட்டிக்கொண்டனர். காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு, பட்டறை ஆகியவை பொதுவில் இருந்தன. 2009இல் சென்னை ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகம் அங்கு திறக்கப்பட்டது.

அரசு மானியத்தையோ புரவலரையோ எதிர்பார்க்காமல் கைத்தொழில் வருவாயில் கலையைக் காப்பது என்ற எண்ணம் திருப்பூர் போன்ற தொழில் ஊருக்கு நெருக்கமானது. இதில் தனிவெளி தனிச்சொத்தாகவும் இருந்தது. ஒரு கலைஞருக்குச் சொந்த வீடு என்பது பெரிய பாதுகாப்பு. அதனால்தான் பலர் அங்கு வேரூன்றினர். அதே காரணத்தால் முதல் தலைமுறை மறையும்போது வீடுகள் வாரிசுகளுக்குச் செல்கின்றன, வாரிசு கலைஞராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஊர்ப் பொதுக் கலைக்கூடத்தில் ஓர் அறையையும் யாருக்கும் நிலையாகக் கொடுக்காமல், நேரத்தை மட்டும் கொடுப்பது பொருத்தம். ஓர் அறை காலையில் ஓவியருக்கு, மாலையில் பாட்டு வகுப்புக்கு, இரவில் ஷிப்ட் முடிந்து வரும் தோலக் குழுவுக்கு. அதற்கு அறையில் பூட்டுடன் கூடிய அலமாரிகள் பல வேண்டும். அறை மாறினாலும் அலமாரி மாறாது. தன் சலங்கையையும் உடுக்கையையும் விட்டுச் செல்ல ஒரு சிறு பெட்டி கிடைத்தால் போதும், ஆள் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவார்.

முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வேறு வகை. லாரி பேக்கரின் வடிவமைப்பில் உருவான அவ்வளாகத்தில் தென்மாநில மரபு வீடுகளைப் பெயர்த்துவந்து மீண்டும் எழுப்பியுள்ளனர். கைவினைஞர்கள் பார்வையாளர் முன்னிலையில் வேலை செய்கிறார்கள். பார்ப்பவருக்கு இது மகிழ்ச்சியான அனுபவம். நாளெல்லாம் பார்க்கப்பட்டுக்கொண்டே வேலை செய்வது எல்லாக் கலைக்கும் ஒத்துவராது. பானை வனைவதை நூறு பேர் பார்க்கலாம். பாட்டில் சுருதி தேடுபவரை நூறு பேர் பார்த்தால் சுருதி ஓடிவிடும். எனவே பட்டறை அறைக்கு நடைபாதைப் பக்கம் சன்னல் வைத்து, அதற்கு உள்ளிருந்து மூடும் கதவும் வைக்கலாம். திறப்பதா மூடுவதா என்பது உள்ளே இருப்பவரின் கையில் இருக்கட்டும்.

ஒன்றரை ஷிப்ட் கணக்கு

கட்டடத்தின் வேலை நேரத்தை அலுவலக நேரத்தை வைத்து முடிவு செய்தால் பெருமாநல்லூரில் அது பூட்டியே கிடக்கும். பனியன் கம்பெனிகளில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பது பழகிப்போன சொல். காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்கு வெளியே வருவார். அவருக்குக் கலைக்கு மிஞ்சுவது இரவும் ஞாயிற்றுக்கிழமையும். இரவு பத்து மணியோ சட்டப்படி ஓர் எல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியும் இசைக்கருவிகளும் கூடாது. கலை, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு விலக்கு அளிக்கலாம். ஆக, திறந்த களத்தில் பறையோ ஜமாப்போ பழக வேலை நாளில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம், அதிலும் குளித்துச் சாப்பிட்டு வரும் நேரம் கழியும்.

அதே விதிகள் மூடிய அரங்கங்களுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் உள்ளே கேட்கும் அளவில் இடம் தருகின்றன. எனவே இத்தகைய ஊரில் ஒலி வெளியேறாத ஒரு தாள அறை இல்லாமல் தொழிலாளிக்குத் தாளக்கருவி கிடையாது.

அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பறையின் ஓசை ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 100 டெசிபல் என்று கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 64 மீட்டர் போனாலும் 64 டெசிபல் மிஞ்சும். குடியிருப்புப் பகுதிக்கு விதித்த அளவு பகலில் 55, இரவில் 45. அரை ஏக்கர் மனையின் எந்த மூலையிலிருந்தும் பக்கத்து வீடு 64 மீட்டர் தள்ளி இருக்காது. மாறாக, இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 50 டெசிபலைத் தடுக்கும். ஆனால் அந்தச் சுவரில் கீழே அரை அங்குல இடைவெளியுடன் சாதாரணப் பலகைக் கதவைப் பொருத்தினால் 20 டெசிபலுக்கு மேல் தடை கிடைக்காது. சுவருக்குச் செலவிட்டதெல்லாம் கதவடியில் கசிந்துவிடும். தாள அறைக்கு இரண்டு கதவு, நடுவே நாலடிச் சிறு நடை என்பது பழைய சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களின் முறை. அந்த நடையையே கருவிகள் வைக்கும் இடமாக்கிக்கொள்ளலாம்.

அரங்கத்துள் ஒலி

18 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1,296 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 792 சதுர மீட்டர். பூசிய சுவரும் கல் தரையும் ஒலியை நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சும் என்றால் மொத்த உறிஞ்சுதல் ஏறக்குறைய 24 அலகு. சபின் வாய்ப்பாட்டின்படி எதிரொலி அடங்கும் நேரம் 0.161ஐக் கன அளவால் பெருக்கி உறிஞ்சுதலால் வகுத்தால் வரும்: கிட்டத்தட்ட 8.7 நொடி. காலிக் கல்யாண மண்டபத்தில் மைக்கில் பேசினால் எதுவும் விளங்காததன் காரணம் இதுதான். 200 பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 0.45 அலகு வீதம் 90 அலகு கூடும், நேரம் 1.8 நொடியாகச் சுருங்கும். பேச்சுக்கு ஒரு நொடியை ஒட்டியும், பாட்டுக்கு அதைவிடச் சற்றுக் கூடவும் இருந்தால் நலம்.

திறந்த சன்னலுக்குள் போன ஒலி திரும்பி வராது. ஒரு சதுர மீட்டர் திறப்பு ஓர் அலகு முழு உறிஞ்சுதல். பக்கச் சுவர்களில் 40 சதுர மீட்டர் சன்னலைத் திறந்தால் நேரம் 1.4 நொடிக்கு வந்துவிடும். காற்றும் வரும், செலவும் இல்லை. ஒலி வெளியே போகும் என்பது அதன் விலை. எனவே பகலிலும் முன்னிரவிலும் திறந்து, பத்து மணிக்கு மேல் மூட வேண்டும். மூடினால் எதிரொலி கூடும். இந்த முரணைத் தீர்க்க உள்சுவரில் துணித் தடுப்புகள் உதவும். திருப்பூரில் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு அங்குலத் தடிமனில் மரச்சட்டத்துக்குள் பின்னல் துணிக் கழிவை நிரப்பி மேலே இறுக்கமில்லாத துணி போர்த்தினால் குரலின் நடு, உயர் சுருதிகளை நன்றாக உறிஞ்சும். ஆனால் பருத்தி எளிதில் தீப்பற்றும். தீத்தடுப்பு மருந்தில் நனைத்து உலர்த்தாமல் அதைச் சுவரில் மாட்டக்கூடாது. மின்கம்பி அதற்குப் பின்னால் ஓடக்கூடாது.

இதைச் சிறு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் பிடித்த தீயில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தனர். எரியக்கூடிய கூரையும், ஆள் வெளியேற வழி போதாமையும் சேர்ந்தால் சில நிமிடங்களில் என்ன நடக்கும் என்பதை அந்த ஆண்டு தமிழ்நாடு பார்த்தது. 200 பேர் கூடும் அறைக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் வெளிநோக்கித் திறக்கும் இரண்டு அகலமான கதவுகள் வேண்டும். நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் அவற்றைப் பூட்டக் கூடாது. மேடைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தனி வழி வேண்டும். தீ பெரும்பாலும் தொடங்குவது விளக்கும் திரையும் இருக்கும் அந்தப் பக்கத்தில்தான்.

வெயில், காற்று, தளம்

பெருமாநல்லூர் ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். எனவே தெற்குச் சுவருக்கு மட்டும் நிழல் தந்தால் போதாது; வடக்குச் சுவருக்கும் இரண்டடியாவது சன்னல் மேல்தாவாரம் வேண்டும். கட்டடத்தின் நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக ஓடுவதும், கிழக்கு மேற்குச் சுவர்களில் திறப்பைக் குறைப்பதும் நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து பலமாக வீசும். திறந்த களத்துக்கு மேற்கே வேப்பமரமோ புங்கமரமோ வரிசையாக இருந்தால் புழுதி அடங்கும். களத்தின் மேடையை வடக்கிலோ தெற்கிலோ வைக்க வேண்டும். மேற்கில் வைத்தால் மாலை வெயில் பார்ப்பவர் கண்ணிலும், கிழக்கில் வைத்தால் ஆடுபவர் கண்ணிலும் அடிக்கும்.

கும்மிக்கு ஆளுக்கு ஒன்றரை மீட்டர் சதுரம் தேவை என்றால் 100 பேருக்கு 225 சதுர மீட்டர். சுற்றி நிற்பவருக்கும் இடம் விட்டு 24 மீட்டருக்கு 18 மீட்டர் களம் போதும். அதைக் கான்கிரீட் போடாமல் மண்ணாக விட வேண்டும். வெறுங்காலால் மணிக்கணக்கில் ஆடுபவருக்குக் கான்கிரீட் முழங்காலையும் கெண்டைக்காலையும் பதம் பார்க்கும். பளபளக்கும் ஓடு வியர்வை பட்டால் வழுக்கும். உள்ளே ஆட்டத்துக்கென ஓர் அறையில் மட்டுமாவது சட்டங்களின் மேல் பலகைத் தளம் போடலாம். மற்ற இடங்களுக்குக் கடப்பைக்கல்லோ சிவப்புக் காவித் தளமோ போதுமானது.

எல்லாப் பொது இடங்களுக்கும் சக்கர நாற்காலி போகச் சரிவுப் பாதை வேண்டும். ஓர் அடி உயர 12 அடி நீளம் என்ற விகிதத்துக்குக் குறையக்கூடாது. மேடைக்கும் அது பொருந்தும். பார்வையாளர் பக்கம் சரிவு வைத்துவிட்டு மேடைக்கு ஐந்து படி மட்டும் வைக்கும் கட்டடங்கள், ஊனமுற்றவர் பார்க்க மட்டுமே வருவார் என்று முடிவு கட்டிவிடுகின்றன.

கல்யாணமும் கலையும்

ஊர்ப்புறச் சமுதாயக் கூடங்களுக்குப் பெரும்பாலும் வருவாய் தருவது திருமணம். அதை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. மின்கட்டணமும் துப்புரவுக் கூலியும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். முகூர்த்தம் வந்தால் மூன்று நாள் ஒத்திகை நின்றுபோவதுதான் சிக்கல். அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆட்டக்காரர்கள் மறுபடி திடலுக்குப் போவார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்ப மாட்டார்கள்.

இதற்குக் கட்டடத்திலேயே விடை உண்டு. பெருங்கூடமும் களமும் சமையல் கொட்டகையும் ஒரு சாலையிலிருந்து நுழையும் பகுதியாகவும், ஒத்திகை அறைகள், தாள அறை, ஒப்பனை அறை, சிறு நூலகம் ஆகியவை மறுசாலையிலிருந்து நுழையும் பகுதியாகவும் இருக்கட்டும். நடுவே தொட்டி போன்ற முற்றம். முற்றத்தின் இருபுறமும் கதவு வைத்தால், நிகழ்ச்சி நாளில் இரண்டையும் திறந்து ஒப்பனை அறையிலிருந்து மேடைக்குப் போகலாம். முகூர்த்த நாளில் ஒன்றை மூடினால் அந்தப் பக்கம் பந்தி நடக்கும், இந்தப் பக்கம் பாட்டு வகுப்பு நடக்கும். கழிப்பறைகள் இரண்டு பகுதிக்கும் தனித்தனியே வேண்டும். பெண்கள் கழிப்பறை ஒப்பனை அறையை ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில், நீண்ட இருட்டு நடை இல்லாமல் இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதுக்கு வரும் பெண்கள் கட்டடத்துக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது மேடையின் அழகைப் பார்த்து அன்று, இதைப் பார்த்து.

ஆடி, மார்கழி மாதங்களில் திருமணம் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. கூடம் காலியாக இருக்கும் அந்த மாதங்களையே விழாக்களுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் ஒதுக்கினால் வாடகையும் கெடாது.

சாவி யாரிடம்

இத்தனையும் சரியாகக் கட்டிய பிறகும் கட்டடம் பொதுவா தனியா என்பதை முடிவு செய்வது சாவி. ஒருவர் வீட்டில் சாவி இருந்தால் கட்டடம் மெல்ல அவருடையதாகிவிடும். அவர் நல்லவராக இருந்தாலும் அப்படித்தான்: அவருக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள், தெரியாதவர்கள் கேட்கத் தயங்குவார்கள். ஒடிசாத் தொழிலாளி ஒருவர் இரவு எட்டரைக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்?

திண்ணை இதற்கும் ஓரளவு பயன்படுகிறது. சாலையை ஒட்டிய நீண்ட திண்ணையும் அதன் ஓர் ஓரத்தில் குடிநீரும் விளக்கும் பூட்டே இல்லாத பகுதியாக இருந்தால், சாவி வருமுன்னும் ஆட்கள் அங்கு கூடலாம். திண்ணைச் சுவரில் ஒரு கரும்பலகை: இன்று எந்த அறை, எந்த நேரம், யாருக்கு என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதியிருக்கும். கட்டடத்தோடு காவலாளிக்கு ஒரு சிறு வீடு, நுழைவாயிலைப் பார்த்தபடி. அங்கு ஒரு குடும்பம் குடியிருந்தால் இரவு பத்தரைக்கும் விளக்கு எரியும், கதவு திறக்க ஆள் இருக்கும். வரைபடத்தில் 300 சதுர அடிதான். செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் அடிக்கப்படும் வரியும் அதுவாகவே இருக்கும்.